‘மே’ மேடமும் தொண்டைச் சோதனைத் தாளும்

ஐயத்தை அனுமதி என்று அச்சேற விடாத அன்புடையீர்!
தடையைத் தயவு என்று தாளில் எழுத விடாத தகைமையீர்!
முப்பத்து மூன்று ஆண்டுகள் முனை மழுங்காத பென்சிலோடு முதல் மாடி மூலை அறையில் முகம் சுளிக்காமல் அமர்ந்திருந்த முதல்வியே!
நோயாளர் தகவல் தாள் பிரிவின் தலைவியே! எங்கள் ‘மே’ மேடமே! வணக்கம்!

இதில் ‘முகம் சுளிக்காமல்’ என்பது மட்டும் உண்மையில்லை. நம் தட்டச்சரே அதைச் சுட்டிக்காட்டினார். “தினமும் சுளிச்சிருக்காங்க சார். ஆனா ஓசை நல்லா இருக்கு, விட்டுடுங்க” என்றார். விட்டுவிட்டோம். முதல் வரைவில் கருணைக் கடலே, கல்வி மலையே என்றெல்லாம் நீளமாக இருந்தது. அதை வாசிக்கக் கேட்ட நம் அலுவலக உதவியாளர் தலையைச் சொறிந்தார். “கடல்னு போட்டா எத்தனை அடி ஆழம்னு மேடம் கேப்பாங்க. யாரு போய் அளக்கறது?” என்றார். அளக்க முடியாத அடைமொழிகளை அன்றே அடித்துவிட்டோம். மிஞ்சியவைதான் மேலே நிற்கின்றன.

இந்த மடலுக்கு ஓர் அவசரமும் உண்டு. இன்று மாலை ஐந்து மணிக்கு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; உங்கள் பணிப்பதிவேடு மூடி முத்திரையிடப்படும். முப்பத்து மூன்று ஆண்டுப் பதிவேட்டில் ஒரே ஒரு கண்டனக் குறிப்பு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அது உங்கள் தலையில் இருக்கிறது. இருந்திருக்க வேண்டிய தலை வேறு. பதிவேடு மூடப்படும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று உங்கள் அறையில் இருக்கும் ஆறு பேரும் முடிவு செய்தோம். அது என்ன ஆயிற்று என்பதையும் இந்த மடலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அதற்கு முன், இங்கே வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை. மேடம் பிறந்தது மே மாதமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பிறந்தது நவம்பரில். இந்த மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுக்கிறோம். எதைச் சாப்பிடுவது, எப்போது குளிப்பது, எந்த வலிக்குப் பயப்பட வேண்டாம், எந்த வலிக்கு ஓடிவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மருத்துவர்கள் இங்கிலீஷில் எழுதித் தருவார்கள். நாங்கள் தமிழில் தருவோம். அந்த இங்கிலீஷில் வரிக்கு வரி வந்து உட்கார்ந்திருக்கும் சொல் ‘மே’. எழுத்து மூன்றுதான். அது பார்க்கிற உத்தியோகம் ஐந்தாறு.

மேடமே! வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் ‘மே’ என்று கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘லாம்’ போட்டவர்கள்தான். ‘குளிக்கலாம்’, ‘நடக்கலாம்’, ‘தலைசுற்றலாம்’, ‘வெளியே காத்திருக்கலாம்’. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல அழகாகத்தான் இருந்தன. நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள். குளிக்கலாம் என்பது அனுமதி. விருப்பம் இருந்தால் குளிப்பார், இல்லாவிட்டால் விடுவார். தலைசுற்றலாம் என்பது அனுமதியா? தலைக்கு யார் அனுமதி கொடுப்பது? அது நடந்தாலும் நடக்கும் என்ற ஐயம். மாத்திரைத் தாளில் அந்த வரியைப் பார்த்த ஓர் அம்மாள் எங்கள் அறைக்கே வந்து, “தலை சுத்தலாம்னு போட்டிருக்கீங்களே, சுத்தினா நல்லதா, சுத்தாம இருந்தா நல்லதா?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்காமல் அவரை உட்கார வைத்து, அவர் கேட்ட கேள்வியை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். மறுநாள் தாளில் ‘சிலருக்குத் தலைசுற்றும். சுற்றினால் உடனே உட்காருங்கள்’ என்று வந்தது.

‘வெளியே காத்திருக்கலாம்’ என்பதும் அப்படித்தான். இங்கிலீஷில் அது மரியாதையாகச் சொல்லும் கட்டளை. தமிழில் அதைப் படித்த உறவினர்கள், காத்திருக்கலாம் என்றால் காத்திருக்காமலும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள்ளேயே நின்றார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நீங்கள் அந்த ‘லாம்’ஐ வெட்டி, ‘வெளியே காத்திருங்கள்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினீர்கள். அன்றிலிருந்து அவர் தொண்டைக்கு ஓய்வு. ‘சிறிய புண்ணாக இருக்கலாம், ஆனால்’ என்று ஒரு வரி வந்தபோது, இது ஐயமே இல்லை, எதிராளி சொல்லப்போவதை முதலில் ஒப்புக்கொண்டு பிறகு நம் பேச்சைச் சொல்வது என்று விளக்கினீர்கள். ‘புண் சிறியதுதான், ஆனாலும் தினமும் கட்டு மாற்றுங்கள்’ என்று ஆனது.

இப்படியாகப் பிறந்தன உங்கள் ஓரக்குறிகள். அனுமதி என்றால் ஓரத்தில் ‘அ’. ஐயம் என்றால் ‘ஐ’. மரியாதைக் கட்டளைக்கு ‘ம’. தடைக்கு ‘த’. எது என்று தெரியாவிட்டால் ‘கே’, அதாவது போய்க் கேள். ‘கே’ விழுந்த தாளை எடுத்துக்கொண்டு நீங்களே மாடிப்படி ஏறுவீர்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே, “கே விழுந்துடுச்சு போல” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாம். எழுதியவரையே கேட்டால் பாதிப் பேருக்குத் தாம் என்ன நினைத்து எழுதினோம் என்பது தெரியவில்லை. கோபம் வந்தவர்களும் உண்டு. நீங்கள் பதில் வராமல் நகர்ந்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் சாட்சி சொல்கிறார். “காபி குடிக்கலாமான்னு ஒரு தடவை கேட்டுட்டேங்க. அனுமதி கேக்கறீங்களா, என்னைக் கூப்பிடறீங்களா, இல்ல என்னையே போடச் சொல்றீங்களான்னு திருப்பிக் கேக்கறா. நானே போட்டுக் குடிச்சிட்டேன்” என்றார். ஐயா, நாளை முதல் இருபத்து நான்கு மணி நேரமும் மேடம் உங்கள் பொறுப்பு. எங்கள் அனுதாபங்கள்!

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். பாராட்டு மடல் என்றால் கடைசி வரை ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும். இந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்துக்கு ‘நான்’ என்று எழுதிக்கொள்ள மற்ற ஐவரும் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் என்பது, இதை இப்போது உங்கள் முன் நின்று வாசிக்கும் மொழிபெயர்ப்பாளன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் இங்கே சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்து நான்கு வயதில், பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்களோடு, தகுதிகாண் பருவத்தில் இங்கே உட்கார்ந்தேன். அந்தப் பருவத்தில் ஒரு குற்றச்சாட்டு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது நம் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தாளையும் அச்சுக்கு அனுப்பும் முன் மருத்துவம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, “இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்க வேண்டும். அவர் சரியாகச் சொன்னால்தான் தாள் நகரும். வாசித்துக் கேட்டவர் நம் அலுவலக உதவியாளர். அதனாலேயே அவருக்குச் ‘சாட்சி’ என்று பெயர். பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான தாள்களைக் கேட்டுக் கேட்டு அவர் பாதி மருத்துவராகிவிட்டிருந்தார். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

தொண்டை வழியே குழாய்விட்டு வயிற்றைப் பார்க்கும் பிரிவுக்குப் புதுக் கருவி வந்தது. தாள் மறுநாள் காலையிலேயே வேண்டும் என்றார்கள். சோதனைக்கு முன் தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள். இங்கிலீஷ் தாளில் ஒரே வரியில் ‘மே நாட்’ இரண்டு தடவை இருந்தது. முதலாவது, இரண்டு மணி நேரம் தொண்டையில் உணர்வு இல்லாமல் இருந்தாலும் இருக்கும் என்பது. இரண்டாவது, உணர்வு திரும்பும் வரை எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பது. நான் முதலாவதுக்கு ‘ஐ’ போட்டேன். மாலை நாலே முக்கால் மணி. இரண்டாவதை நின்று பார்க்காமல் அதற்கும் ‘ஐ’ போட்டேன். ‘உணர்வு திரும்பும் வரை சாப்பிடாமலும் குடிக்காமலும் இருக்கலாம்’ என்று எழுதினேன். சாட்சியிடம் வாசித்துக் காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் குடுக்க மாட்டேன் சார், பச்சைத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதை என் தாளிலிருந்து அவர் தெரிந்துகொள்ளவில்லை. முன்பே அவருக்குத் தெரியும்.

நீங்கள் கிளம்பும் அவசரத்தில், “வாசிச்சுக் காட்டினீங்களா?” என்று கேட்டீர்கள். “காட்டினேன் மேடம், டக்குனு சரியாச் சொன்னார்” என்றேன். நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

மறுநாள் காலை உங்களுக்கு வெளியே ஒரு கூட்டம். பதினொன்றரை மணிக்குத் திரும்பி வந்து, வழக்கம்போல் சுவரில் மாட்டியிருந்த புதுத் தாளைப் படித்தீர்கள். கைப்பையை மேசையில்கூட வைக்கவில்லை. “எத்தனை குடுத்தாங்க?” என்று மட்டும் கேட்டீர்கள். அந்தப் பிரிவில் அன்று காலை ஐந்து தாள்கள் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் காத்திருப்புக் கூடத்திலேயே இருந்தார்கள். ஐந்தாமவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மகளோடு அப்போதுதான் வெளியே போயிருந்தார். நீங்கள் படியில் ஓடியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். பின்னாலேயே நானும் ஓடினேன்.

வாசலுக்கு எதிரே காபிக் கடையில் அவர் ஒரு வாய் குடித்துவிட்டிருந்தார். அது உணவுக் குழாயில் போகாமல் மூச்சுக் குழாயில் போயிருந்தது. முகம் சிவந்து, மூச்சு முட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவரை முன்னால் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். நான் தள்ளுவண்டி கொண்டுவர ஓடினேன். அவர் மகள் தாளை நீட்டி அழுதார். “குடிக்காமலும் இருக்கலாம்னுதானே போட்டிருக்கு? குடிச்சா தப்புன்னு எங்கங்க போட்டிருக்கு?” ஓட்டுநர் ஆறு நாள் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்து, பிழைத்து வீட்டுக்குப் போனார். பிழைத்தார் என்பதால்தான் என்னால் இதை இங்கே வாசிக்க முடிகிறது.

மேலிடத்திலிருந்து உங்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நீங்கள் எழுதிய பதிலை நான் அன்றே படித்தேன். ‘கையெழுத்து என்னுடையது. ஒரே ஆளிடம் வாசித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான். அந்த வழக்கம் தவறு.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பதிலோடு இணைத்த படிவத்தில் ‘மொழிபெயர்த்தவர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே என்று மூச்சுக்கு மூச்சு எங்களைப் படுத்தியவர் நீங்கள். அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. மேலே இருந்தவர்கள் அதைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. குற்றம் சுமத்த ஒரு பெயர் கிடைத்துவிட்டது, போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் உங்களிடம் வந்து, நானே மேலே போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நீங்கள் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: “சொல்லலாம். சொல்லியே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.” நான் உங்கள் அறையில் மூன்று மாதம் படித்தவன். அனுமதிக்கும் கட்டளைக்கும் வித்தியாசம் அதற்குள் நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த வித்தியாசத்துக்குள் புகுந்துகொண்டு ஒன்பது ஆண்டுகள் வெளியே வராமல் இருந்துவிட்டேன்.

அதற்கு நீங்கள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. உங்களுக்கு வரவேண்டிய துணை இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. செவிலியர்களுக்கு நீங்கள் நடத்திவந்த வகுப்புகளை நிறுத்தினார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அதன்பிறகு நீங்கள் ‘கே’ போட்டு மேலே போகும்போதெல்லாம், சில அறைகளில் கதவு சாத்திய பிறகு, “மேடமே ஒரு தடவை கோட்டை விட்டவங்கதானே” என்று சொன்னார்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்ததே! நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் ஒருநாளும் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

வேலையில் மட்டும் நீங்கள் உடனே கைவைத்தீர்கள். அந்த வாரமே வழக்கத்தை மாற்றினீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் காத்திருப்புக் கூடத்திலிருந்து ஒரு புது ஆள். ஒருமுறை கேட்டவரை மறுபடி கேட்கக் கூடாது. சாட்சி இனி வாய்திறக்கக் கூடாது. ஆள் பிடித்து வருவதுதான் அவர் வேலை. அவருக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். “எனக்குத் தெரிஞ்சதுதான் தப்பாப் போச்சா மேடம்?” என்று கேட்டார். “ஆமா” என்றீர்கள். பூசி மெழுகத் தெரியாதவர் நீங்கள். இந்த ஒன்பது ஆண்டுகளில் நம் தாளால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம். புகார்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

போன திங்கட்கிழமை இந்த மடலை எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அன்று நீங்கள் விடுப்பு. உட்கார்ந்து நாலு வரி எழுதினேன். ‘மாசற்ற பணியாற்றிய’ என்று கை தானாக எழுதிற்று. அதற்குமேல் ஓடவில்லை. எழுந்து நின்று அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தட்டச்சர், “ஒம்போது வருஷமா சார்?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சாட்சி மட்டும் நிமிரவில்லை. “எனக்குத் தெரியும் சார். என்கிட்டதானே படிச்சுக் காட்டினீங்க” என்றார். அவரும் அத்தனை காலம் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானே ஒருநாள் சொல்வேன் என்று காத்திருந்தாராம்.

இன்று காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளரிடம் கடிதம் கொடுத்தேன். இரண்டாம் முறை படித்துவிட்டு, “இதனால உங்களுக்கு என்ன வரும்னு தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாதுங்க. விசாரணை வரலாம்” என்றேன். ஏறிய குறிப்பை அழிக்க விதி இல்லையாம். ஆனால் அதன் அடியிலேயே தம் கையால், ‘தாளை மொழிபெயர்த்தவர் வேறொருவர், அவரது கடிதம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். கடிதத்தைப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் இந்தக் கூட்டத்துக்கு வந்தேன். துணை இயக்குநர் பதவியை அது திருப்பித் தராது. அது எனக்குத் தெரியும்.

இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேடம் ஒருமுறை கோட்டை விட்டவர் என்று இனி யார் சொன்னாலும், அது தவறு. விட்டவன் நான். மேடம் ஓடிப்போய்ப் பிடித்தவர்.

இனி மீண்டும் ‘நாங்கள்’.

அன்பும் அறிவும் அஞ்சாமையும் ஒருங்கே கொண்ட அம்மையே! வாழ்த்தும்போது இங்கிலீஷ்காரர்களும் ‘மே’ என்றுதான் தொடங்குவார்களாம். அதில் அனுமதி இல்லை, ஐயம் இல்லை, தடையும் இல்லை; வெறும் ஆசை மட்டும்தான் இருக்கும் என்று நீங்கள்தான் ஒருநாள் சொன்னீர்கள். அதற்கு ஓரத்தில் எந்த எழுத்தும் போட வேண்டியதில்லை என்றும் சொன்னீர்கள். எங்கள் ஆசை இதுதான்: முழங்கால் வலி குறைந்து, பார்வை மங்காமல், உறக்கம் கெடாமல், உங்கள் கணவரோடும் மகளோடும் பேரனோடும் நெடுங்காலம் நீங்கள் நிம்மதியாக வாழ வேண்டும். மருத்துவமனை வாசலை மிதித்தால் அது எங்களைப் பார்க்க வருவதற்காக மட்டுமே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வரி, மற்ற ஐவரின் சம்மதத்தோடு, என்னுடையது. மேடம், என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அன்றே, அந்த அறையில், நீங்கள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டிருக்க வேண்டியது. அப்போது கேட்கப் பயந்தேன். இப்போதும் பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.

இங்ஙனம்,
நோயாளர் தகவல் தாள் பிரிவினர்:

தட்டச்சர்
அச்சுப் பொறுப்பாளர்
படம் வரைபவர்
கோப்புக் காப்பாளர்
அலுவலக உதவியாளர் (சாட்சி)
தொண்டைச் சோதனைத் தாளை மொழிபெயர்த்தவர்